அத்தானை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டேன், சரிதானா?

வாசகர் கடிதம்:

"எங்கள் ஊர் வீரவநல்லூர் பக்கம். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 64. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாழை போட்டிருப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறேன். 2020-ல் முப்பது பேரோடு தொடங்கியது, இன்றைக்கு 600 பேரைத் தாண்டிவிட்டது. காலையில் பாபநாசம், மணிமுத்தாறு அணை நிலவரம், அப்புறம் ஏத்தன் வாழைத்தார் என்ன விலை போகிறது, இலையில் புள்ளி விழுந்தால் படம் போட்டு ஒரு கேள்வி, தெரிந்தவர் பதில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எந்தப் பாலத்தில் தண்ணீர் போகிறது, யார் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில்தான் ஓடியது.

ஆறேழு மாதமாகக் குப்பை தாங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கடன், வீட்டிலிருந்தே வேலை, ஷேர் மார்க்கெட் டிப்ஸ், பிஎம் கிசான் ஆப். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வருகிறது. ராத்திரி எழுந்து டெலீட் செய்கிறேன். போன மாதம் எனக்கு அத்தான் முறையுள்ளவர் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆப் அனுப்பினார். அதைத் திறந்த இரண்டு பேருக்கு போன் வீணாகிவிட்டது. கோபத்தில் அவரை நீக்கிவிட்டேன். 'நான் அனுப்பவே இல்லை' என்கிறார். இப்போது டீக்கடையில் முகம் கொடுப்பதில்லை. அதே வாரம் ஒரு அம்மா, கன்றின் இலை குறுகிக் கொத்தாக நிற்கிறது என்று படம் போட்டுக் கேட்டிருந்தார். அது குப்பைக்குள் போய், இரண்டு நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. அட்மின் மட்டும் பேசும்படி பூட்டிவிடலாமா? யாராவது பணத்தை இழந்தால் என் மேல் கேஸ் வருமா? என்ன செய்ய, தம்பி?"

பதில்:

அண்ணாச்சி, முதலில் அத்தான் விஷயத்தைப் பேசிவிடுவோம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், பாட்டுப் போட்டு வீடியோவாகக்கூட வரும். ஆப்பாக வராது. ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால், அது போனுக்குள் ஏறி உட்கார வந்த ப்ரோகிராம். யாரோ தெரிந்தவரிடமிருந்து வந்திருக்கிறதே என்று அத்தானும் திறந்திருப்பார். போன் ஒருமுறை எச்சரித்திருக்கும். பத்திரிகை பார்க்கிற அவசரத்தில் சரி, சரி என்று அழுத்தியிருப்பார். அந்தச் 'சரி'களில் ஒன்று, அவருக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்கும் அனுமதி. அது கிடைத்தால் ஓடிபி கிடைத்த மாதிரி. ஓடிபி கையில் இருந்தால், எங்கோ இருக்கிற ஒருவன் அத்தான் நம்பரிலேயே வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்துவிடலாம். அங்கிருந்து அவர் சேர்ந்திருக்கிற எல்லா குரூப்புக்கும் அதே பத்திரிகை போகும். அது உங்கள் குரூப்பில் வந்து விழுந்த நேரத்தில் அத்தான் வயலில் மடை திருப்பிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நீங்கள் நீக்கியது தப்பு என்று சொல்ல மாட்டேன். வீடு தீப்பிடித்தால் முதலில் மெயினைத்தான் அணைப்போம். அந்த நம்பரை உடனே வெளியே போட்டதால் இன்னும் பத்துப் பேர் தப்பித்திருப்பார்கள். விட்டுப்போனது அதற்கு அடுத்த வேலை. அன்றைக்கே அவருக்கு போன் போட்டு, "அத்தான், உங்கள் போனைத் திருடன் பிடித்துவிட்டான், நான் வருகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மிரட்டலும் ஏச்சும் வாங்க வேண்டியவன் வேறு எவனோ. அத்தான் பணத்தையும் இழந்திருக்கலாம், வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கலாம். ஒரு மாதம் ஆகியிருந்தாலும் இன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

போனதும் அந்த போனில் நெட்டை அணையுங்கள். செட்டிங்ஸில் ஆப்களின் பட்டியலைத் திறந்து, அவர் போடாத எதுவாவது இருக்கிறதா என்று பாருங்கள். இவை பெரும்பாலும் முகப்பில் ஐகான் காட்டாமல் ஒளிந்திருக்கும், பட்டியலில்தான் பிடிக்க முடியும். அழிக்க விடவில்லை என்றால், படங்களையும் நம்பர்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுதாக ரீசெட் செய்துவிடுவதே நிம்மதி. பிறகு நெட்டைத் திரும்பப் போட்டு, வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தெரியாத கருவி எது இருந்தாலும் வெளியேற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஓர் ஆறு இலக்க பின் நம்பர் வசதி உண்டு, அதைப் போட்டுக் கொடுங்கள். அது இருந்தால் ஓடிபி மட்டும் திருடியவனால் அந்த நம்பரில் உள்ளே வர முடியாது. பிறந்த தேதியை பின் நம்பராக வைக்கச் சொல்லாதீர்கள். நம் ஊரில் அது பாதிப் பேருக்குத் தெரிந்த ரகசியம். கடைசியாக, வங்கிக் கணக்கில் ஒரு மாத வரவு செலவைப் பாஸ்புக்கில் பதிந்து பாருங்கள்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நாடு முழுக்கச் சைபர் மோசடிக்கான எண் அதுதான். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் எழுதலாம். பணம் திருடன் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கி வைக்க வழி உண்டு, அதனால் அவமானம் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் இருப்பதில் அர்த்தமே இல்லை. குரூப்பில் அந்த ஃபைலைத் திறந்த இரண்டு பேருக்கும் இதே வைத்தியம்தான்.

இனி நாற்பது, ஐம்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குப்பைக்கு வருவோம்.

ஒவ்வொன்றாக டெலீட் செய்து இதில் ஜெயிக்க முடியாது. அனுப்புகிறவனுக்கு அனுப்பச் செலவில்லை, அழிக்கிற உங்களுக்கு ராத்திரித் தூக்கம் செலவு. இந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைக்காரர், புது மாடல் கம்ப்யூட்டருக்கு விளம்பரமாக ஒரே மின்னஞ்சலைச் சுமார் 400 பேருக்குத் தட்டிவிட்டார். ஸ்பேம் என்கிறோமே, கேட்காமல் வந்து குவியும் இந்தக் குப்பைச் செய்தி, அதன் கொள்ளுத்தாத்தா அதுதான். திட்டு நிறைய விழுந்தது, வியாபாரமும் ஆனது. 1994-ல் இரண்டு வக்கீல்கள் கிரீன் கார்டு வாங்கித் தருகிறோம் என்ற விளம்பரத்தை ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே மூச்சில் ஒட்டினார்கள். அங்கே பூனையைப் பற்றியும் சமையலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! (ஸ்பேம் என்பது 1937-ல் சந்தைக்கு வந்த டப்பா பன்றி இறைச்சியின் பெயர். உங்கள் நாற்பதையும் ஐம்பதையும் அந்தப் பெயரில் கூப்பிட எனக்கு ஆட்சேபம் இல்லை.)

நம் குளங்களில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) கிடக்கிறதே, அதைக் கையால் அரித்து எடுத்தால் அடுத்த மாதம் திரும்ப மூடிவிடுகிறது. எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் அரிப்பதில் பலன் இல்லை. அதனால் டெலீட் செய்வதற்கு முன் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுங்கள், உங்களுக்கு அது புதிதில்லை. மூன்று நாளைக்கு, வந்த குப்பையையெல்லாம் அனுப்பியவர் யார் என்று குறித்து வையுங்கள். முகமே தெரியாத நம்பரா? ஊர்க்காரர் ஒருவர், ஆனால் அவர் அனுப்புகிற மாதிரியே இல்லாத செய்தியா? அல்லது நல்ல எண்ணத்தில் வேறு குரூப்பில் வந்ததைத் தூக்கிப் போட்டிருக்கிறாரா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றையும் ஒரே கோபத்தில் பார்த்ததால்தான் அத்தானும் கடன் ஆப்காரனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

முகம் தெரியாத நம்பர்கள் எப்படி உள்ளே வந்தன என்று யோசித்துப் பாருங்கள். குரூப்பில் சேரும் லிங்க்கை எங்கெல்லாம் கொடுத்தீர்கள்? உரக்கடைச் சுவரில் க்யூஆர் கோடாக ஒட்டியிருப்பீர்கள், யாராவது ஃபேஸ்புக்கில் போட்டிருப்பார்கள். வெளியில் கிடக்கிற லிங்க் திறந்து கிடக்கிற மடை. குரூப் அமைப்பில் போய் லிங்க்கை ரீசெட் செய்தால் பழைய லிங்க் அந்த நிமிடமே செத்துவிடும். அதோடு, புதிதாக வருகிறவர்களை அட்மின் ஒப்புக்கொண்டால்தான் சேர்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆளைச் சேர்க்கும் உரிமையையும் அட்மினுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். சேர விரும்புகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்த ஊர், எந்த மடைத் தண்ணீர், என்ன வாழை?" ஏத்தனா ரசகதளியா என்று எந்தக் கடன் ஆப்காரனும் உட்கார்ந்து பதில் எழுத மாட்டான். பாஸ்வேர்டு, புதிர்ப் படம் எதுவும் இந்தக் கேள்விக்கு ஈடு இல்லை.

ஏற்கெனவே உள்ளே இருக்கிற 600 பேரையும் விசாரணைக்குக் கூப்பிட வேண்டாம். நோட்டில் சிக்குகிற நம்பரை மட்டும் எடுங்கள். எடுப்பதற்கு முன் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் செய்யுங்கள், பலர் ரிப்போர்ட் செய்த நம்பரை அவர்கள் முடக்குவது உண்டு. அட்மினாகிய நீங்கள் மற்றவர் செய்தியையும் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க முடியும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. பணம் இன்னும் போகவில்லை, மோசடி என்ற சந்தேகம் மட்டும்தான் என்றால் அந்த நம்பரை அங்கே எழுதிப்போடலாம்.

ஒரு தொழில்முறை எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "கடன் என்ற வார்த்தை வந்தால் தானாக அழிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியாதா" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். டெலிகிராமில் அப்படித் தானாக வேலை செய்கிற 'பாட்' ப்ரோகிராம்கள் இருக்கின்றன. பல வருஷம் முன்பு, ஒரு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வேலையைப் பெருமையாகச் செய்தேன். 'கடன்' என்று இருந்தால் பதிவு மேலே வராது. ஒரு வாரம் ஒரே அமைதி, எல்லோரும் கைகுலுக்கினார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் புதுப்பிக்கிற நேரத்தில்தான் தெரிந்தது, பயிர்க்கடன் விண்ணப்பத்தில் சிக்கல் என்று எழுதிய அத்தனை விவசாயிகளின் கேள்வியும் வடிகட்டியில் சிக்கி மக்கிக்கொண்டு இருந்தது. கடன்காரக் கும்பலோ, கடன் என்று எழுதாமல் லோன் என்றும், நடுவில் புள்ளி வைத்து 'லோ.ன்' என்றும் எழுதிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: எத்தனை குப்பையைத் தடுத்தோம் என்று எண்ணினால், எத்தனை நல்ல கேள்வியையும் சேர்த்துத் தடுத்தோம் என்று எண்ணாமல் விடுவதில்லை.

அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாக இருந்தது அதனால்தான். நான் வாழை வைத்தியன் இல்லை, ஆனால் இலை குறுகிக் கொத்தாக நிற்பது முடிக்கொத்து நோயின் அடையாளம் என்பது உங்களுக்கே தெரியும். அசுவினி பரப்புகிற வைரஸ், வந்த கன்றைக் காப்பாற்ற வழியில்லை, தோண்டி அழிக்க வேண்டும். இரண்டு நாள் தாமதம் பக்கத்து வயலுக்கும் சேர்த்துத்தான். இத்தனை குப்பையில் மிகப் பெரிய நஷ்டமாக நான் பார்ப்பது இதைத்தான். ஒருமுறை கேட்டுப் பதில் வராத அம்மா அடுத்த முறை கேட்க மாட்டார். அவருக்குப் பதில் போனதா என்று நீங்கள் எழுதவில்லை.

அதனால் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருவர் மேலே போய்ப் பார்த்து, பதில் வராத கேள்விகளை "விடுபட்டவை" என்று திரும்ப எடுத்துப் போடட்டும். ஐந்து நிமிட வேலை. டெலீட் செய்வதைவிட இது முக்கியம் என்பேன். நீங்கள் ஒருவரே செய்ய வேண்டாம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒருவர், சேரன்மகாதேவிப் பக்கம் ஒருவர், கட்டாயம் ஒரு பெண், இப்படி மூன்று நான்கு பேரை அட்மின் ஆக்குங்கள். ஆறு இலக்க பின் நம்பர் போடாதவரை மட்டும் அட்மின் ஆக்க வேண்டாம். சாதாரண உறுப்பினர் போன் பறிபோனால் ஒரு கெட்ட செய்தி வரும், அட்மின் போன் பறிபோனால் குரூப்பே பறிபோய்விடும்.

நல்ல எண்ணத்தில் தூக்கிப் போடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். "இன்றிரவு கரண்ட் கட் ஆகும், இந்த நம்பருக்குப் பேசு" என்று மின்வாரியம் பெயரில் வருவதை அனுப்புகிறவரைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு கூத்தும் நடக்கும், கவனித்திருப்பீர்கள். "இதை யாரும் திறக்காதீர்கள்" என்று எச்சரிப்பதற்காக அந்தக் கெட்ட ஃபைலையே திரும்ப அனுப்புவார்கள்! ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

உள்ளூர் உரக்கடைக்காரர், திசு வாழைக்கன்று விற்கிறவர் போடும் விளம்பரம் குப்பையா? என்னைக் கேட்டால் இல்லை. கன்று எங்கே கிடைக்கும் என்று மறுநாள் நீங்களே தேடுவீர்கள். ஆனால் கேள்விகளுக்கு நடுவில் வேண்டாம். விற்பனைக்கு என்று பக்கத்தில் ஒரு தனி குரூப் போட்டு, வேண்டியவர்கள் அங்கே போகட்டும். அவர் உங்களுக்குச் சொந்தமாக இருந்தாலும் இதே விதிதான், இல்லாவிட்டால் மறுநாளே பேச்சு வரும்.

குரூப்பைப் பூட்டுவதா என்று கேட்டீர்கள். முழுதாகப் பூட்டாதீர்கள். அட்மின் மட்டும் பேசினால் அது நோட்டீஸ் போர்டு, அந்த அம்மா படம் போட அங்கே இடம் இருக்காது. உங்கள் தூக்கத்துக்காக ராத்திரி பத்து மணிக்கு அட்மின் மட்டும் என்று மாற்றிவிட்டு, காலை அணை நிலவரம் போடும்போது திறந்துவிடலாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மட்டும் ராத்திரியும் திறந்தே இருக்கட்டும். 2023 டிசம்பரில் மழை நேரம் பார்த்தா பெய்தது? அந்த மூன்று மாதம் நாலு அட்மின்களும் முறை போட்டு விழித்துக்கொள்ளுங்கள்.

கேஸ் விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் நம் மாவட்டத்துக்கு உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் இப்படி ஒரு வழக்கைப் பார்த்திருக்கிறது. அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு பங்கு எதுவும் இல்லை என்று தெரிந்தால், அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்றது. உறுப்பினர் போடும் செய்திக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் சொன்னது. ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுகிறவனுக்குத்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. மோசடி என்று உங்களிடம் ஒருவர் சொன்ன பிறகும் அந்தச் செய்தியை விட்டுவைக்காதீர்கள், அழித்த தேதியை நோட்டில் குறித்து வையுங்கள். அது போதும், பயந்து தூக்கம் கெட வேண்டாம்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டியதை எழுத்தாகப் போட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். வகுப்பில் பேசிய குரல் உங்களுக்கு இருக்கிறது, ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள். இப்படி இருக்கட்டும்:

"எல்லோருக்கும் வணக்கம். நம்ம குரூப்பில் ஏபிகே என்று முடியும் ஃபைல் யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள். நானே அனுப்பினாலும் திறக்காதீர்கள், எனக்கு போன் போட்டுக் கேளுங்கள். பிஎம் கிசான் பணம் வருஷத்துக்கு மூன்று தவணை, இரண்டாயிரம் இரண்டாயிரமாக வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதற்கு வாட்ஸ்அப்பில் ஆப் வராது. போன மாதம் அத்தான் நம்பரிலிருந்து வந்த பத்திரிகையை அவர் அனுப்பவில்லை, அவர் போனைத் திருடன் பயன்படுத்திவிட்டான். விசாரிக்காமல் நீக்கியது நான். அவரைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன்."

கடைசி இரண்டு வரியை டீக்கடையில் தனியாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அண்ணாச்சி. 600 பேர் பார்க்க நீக்கியவரை 600 பேர் கேட்கத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆனால் அவர் போனைச் சுத்தம் செய்து, பின் நம்பர் போட்ட பிறகு சேருங்கள். அவசரப்பட்டு முதலில் சேர்த்துவிட்டால் அடுத்த பத்திரிகையும் வந்துவிடும்.

உரக்கடைச் சுவரில் இருக்கிற அந்தத் தாளை மட்டும் இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.